ஜெப நேரத்து நீல விளக்கு

பீட்டரை இரண்டு முறை ஒளித்து வைத்தார்கள். இரண்டு முறையும் வரதனின் ஆட்கள் மோப்பம் பிடித்து வந்து கதவைத் தட்டிவிட்டார்கள்.

முதல் இடம், பள்ளிப்பட்டில் ஒரு கரும்புத் தோட்டத்து மோட்டார் அறை. கொல்லைப்பக்கமாக ஓடிப் பிழைத்தான். இரண்டாவது, கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. அங்கே அவன் தப்பியது துப்பறிகிறவரின் சாமர்த்தியத்தால் அல்ல, துரத்தியவர்களுக்குக் குறுக்கே வந்து நின்ற ஒரு கூட்ஸ் வண்டியின் புண்ணியத்தால். ஒவ்வொரு தடவையும் கூட்ஸ் வண்டி வந்து காப்பாற்றும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்படி ஓடி ஒளிய பீட்டர் செய்த குற்றம் என்ன? பார்த்ததைச் சொல்கிறேன் என்று சொன்னதுதான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவன் ஷிப்ட் சூப்பர்வைசர். தொட்டி கழுவ இறங்கிய இரண்டு கூலியாட்கள் உள்ளேயே மூச்சடைத்துச் செத்தார்கள். உள்ளே கேஸ் இருக்கிறது, இறக்காதே என்று பீட்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். லேபர் கான்ட்ராக்டர் வரதன் கேட்கவில்லை. நாளைக் காலை திருவள்ளூர் கோர்ட்டில் பீட்டர் இதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு உயிரோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது இடம் எது என்று துப்பறியும் அருணாச்சலத்துக்கும் அவருடைய உதவியாளன் பைசலுக்கும் மட்டுமே தெரியும். பைசலுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஒளித்து வைத்ததே பழவேற்காட்டில் அவனுடைய மாமா சலாஹுதீன் வீட்டு மாடியில்தானே.

பைக்கை பீட்டர் வீட்டு வாசலில் நிறுத்தினான் பைசல். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தெரு அது. கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி, இரும்புத் தூள் படிந்து காவி நிறத்துக்கு மாறியிருந்தது.

"உள்ள போனதும் வாய மூடிக்கிட்டு இரு" என்றார் அருணாச்சலம்.

"அது நீங்க சொல்லவே வேணாம் சார். இந்த ஏரியாவுல வாயத் தொறந்தா பாதி பேக்டரி உள்ள பூந்துக்கும்."

அருணாச்சலம் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் தோண்டியவர். பொய் சொல்கிறவன் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பொய்யைக் கண்டுபிடிப்பார் என்று பெயர். இன்றைக்கு அவர் முகம் காபி குடிக்கிற முகமாக இல்லை.

"சார், ஒரு டவுட்டு. புருஷன் உசுரு ஊசலாடுது. இந்தம்மா போன் பண்ணி, நெட்டு வரலன்னு அழுவுது. நாமளும் அதுக்கு வந்துக்கினு இருக்கோம். இன்னா சார் இது?"

"அந்த வீட்டுல ஒரு ரகசியம் கசியுது. அதே வீட்டுல ஒரு பெட்டி வேலை செய்யல. ரெண்டும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சிருக்கு. ஒண்ணத் தேடிப் போனா இன்னொண்ணு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனா தேடாம கோர்ட்டுக்குப் போக எனக்கு பயமா இருக்கு."

அவர் வாயால் பயம் என்ற சொல்லை பைசல் அதுவரை கேட்டதில்லை.

கதவைத் திறந்தது பீட்டரின் மனைவி சுகிர்தா. ஹாலின் மறுகோடியில், இயேசு படத்துக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தாள் அவன் அம்மா ரோசம்மாள். ஒரே கூரைக்குக் கீழே இருவரும் பேச்சை நிறுத்திப் பல நாளாகிவிட்டது. முதல் இரண்டு இடங்களும் அந்த வீட்டில் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும். மருமகள்தான் காட்டிக்கொடுத்தாள் என்று மாமியாரும், மாமியார்தான் உளறினாள் என்று மருமகளும் நம்பினார்கள். வாய்விட்டுச் சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே சண்டை நடந்தது.

சுகிர்தா நடைவழியைக் காட்டினாள். மாடிப்படியைப் பார்த்த சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில், பிளக்கில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் நீல விளக்கு.

"பின்னாடி ரூம்ல உக்காந்துதான் நான் புள்ளைங்களுக்கு ஆன்லைன் டியூஷன் எடுக்குறேன். ஹாலு மோடத்துலருந்து அங்க சிக்னலே வரல. மாடியில குடியிருக்கிற குப்புராஜ் அண்ணன்தான், எக்ஸ்டெண்டர் வச்சா வரும்னு வாங்கியாந்து மாட்டிக் குடுத்தாரு. லைட்டு ஜோரா எரியுது. நெட்டு மட்டும் வரல. கேட்டா, செட்டாவும் சுகிர்தா, கைய வெக்காதன்றாரு."

"இது எப்படி வேலை செய்யும், பைசல்?"

பைசலுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. "கல்யாணப் பந்தி சார். மோடம்னா சாம்பார் அண்டா. இந்தப் பொட்டி வாளி தூக்குறவன். அண்டா பக்கத்துலயே நின்னா கடைசி எலைக்கு சாம்பார் வராது. கடைசி எலைகிட்டயே நின்னா வாளி ரொம்பாது. நட்ட நடுவுல நிக்கணும். வாளி ரொம்பி இருந்தா நீல லைட்டு. காலியா இருந்தா செவப்பு."

"நடுவுலதான் நிக்கிறான். வாளியும் நிறைஞ்சிருக்கு."

"ஆமா சார்."

"ஆனா இவங்க இலைக்கு வரல. அப்ப யார் இலைக்குப் போகுது?"

அருணாச்சலம் மீட்டர் பெட்டியையும் ஒயர் வரும் வழியையும் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார். சுகிர்தா அவர் பின்னாலேயே போனாள்.

ஹாலில் ரோசம்மாளும் பைசலும் மட்டும். கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"எங்க இருக்கான்னு கேக்கல தம்பி. கேக்க மாட்டேன்னு உங்க சாருக்கு வாக்கு குடுத்துட்டேன். சாப்டுறானா, அத மட்டும் சொல்லு."

கல்லும் கரைந்துவிடும், பைசல் எம்மாத்திரம்? "கவலையே படாதம்மா. எங்க சாலிஹா மாமி கை எறா தொக்க சாப்ட்டு சாப்ட்டு, அண்ணன் ஒரு சுத்து பெருத்துட்டாரு. கோர்ட்டுல கூண்டுக்குள்ள நொழைய முடியுமான்னுதான் எனக்கு பேஜாரா கீது."

ரோசம்மாள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்த சிரிப்பு, கண்ணீரும் கலந்து வந்தது. மேலே மாடியில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. நைட் ஷிப்ட் குப்புராஜ் பகலில் வீட்டில்தான் இருப்பார்.

அருணாச்சலம் திரும்பி வந்தபோது ரோசம்மாள் அந்தப் பெட்டியைக் காட்டி ஒரு குறை சொன்னாள்.

"எங்க ஊட்ல சாயந்தரம் குடும்ப ஜெபம் பண்ணும்போது போனு, டிவி, நெட்டு ஒண்ணும் கூடாது சார். நானே மோடத்த ஆஃப் பண்ணிட்டுதான் முட்டி போடுவேன். ஆனா இந்தப் பொட்டி மட்டும் எனக்கு அடங்காது. ஜெபம் முடியிற வரைக்கும் நீலமா முழிச்சிக்கினு என்னையே பாத்துக்கினு கெடக்கும்."

அருணாச்சலம் அசையாமல் நின்றார். "மோடம் ஆஃப். இது நீலம்."

"ஆமா."

"இப்ப ஆஃப் பண்ணுங்க."

ரோசம்மாள் எழுந்து போய் சுவிட்சைத் தட்டினாள். மோடத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. எல்லோரும் நடைவழியையே பார்த்தார்கள். நீல விளக்கு சிமிட்டக்கூட இல்லை.

"அண்டாவக் கவுத்தாச்சு" என்றான் பைசல் மெதுவாக. "இவன் வாளில இன்னும் ஆவி பறக்குது."

"அப்ப இது வேற அண்டாவோட வாளி."

அருணாச்சலம் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கேட்டார். நீள ஒயர் உள்ளது. எக்ஸ்டெண்டரைப் பிடுங்கி அதில் செருகி, பைசல் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருவது சகஜம், ஒரு நிமிஷம் அணைந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மோடம் அணைந்தபடியே இருக்க, விளக்கு திரும்ப நீலமாயிற்று. பைசல் அதை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். ஒயர் பின்னால் இழுபட்டு வந்தது.

"நாய்க்குட்டிய வாக்கிங் கூட்டிப் போற மாரி கீது சார்."

"எங்க வாலாட்டுதுன்னு பாரு."

வாசல் பக்கம் போனான், சிவப்பு. ஆக, எதிர்வீடு இல்லை. சமையலறைச் சுவரோரம் போனான், சிவப்பு. பக்கத்து வீடும் இல்லை. ஹாலின் நடுவில் தடுமாறியது. நடைவழிக்குத் திரும்பி, மாடிப்படி ஜன்னலை நெருங்க நெருங்க நீலம் நிலைத்து நின்றது. பெட்டியை ஜன்னலுக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அங்கிருந்து அது அசையவே இல்லை. பைசல் அண்ணாந்து பார்த்தான். படிக்கட்டு மேலே போனது. அது போய் நிற்கிற கதவு ஒன்றே ஒன்றுதான்.

சுகிர்தா ஏதோ கேட்க வந்தாள். அருணாச்சலம் உதட்டில் விரல் வைத்தார். அவர் கண் ஹாலைச் சுற்றி வந்து, இயேசு படத்தின் கீழே மினுங்கிய சின்ன விளக்கில் நின்றது. தாமரைப்பூ மாதிரி பிளாஸ்டிக் விளக்கு, புதிது. யார் வாங்கியது என்று கையாலேயே கேட்டார். சுகிர்தா விரலை மாடியை நோக்கி உயர்த்தினாள்.

அருணாச்சலம் குனிந்து பார்த்தார். பூவின் அடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதைத் தொடாமல் நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பெட்டியில ஒரு பழுதும் இல்லம்மா. குப்புராஜ் சரியாத்தான் மாட்டியிருக்காரு. உங்க மோடம்தான் பழசு, மாத்திடுங்க. பைசல், பொட்டிய அதே இடத்துல செருகு."

பிறகு மூவரையும் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கூட்டிக்கொண்டு போனார். மோட்டாரைப் போடச் சொன்னார். அந்த இரைச்சலில் பேசினார்.

"அந்த லைட்டுக்குள்ள ஒரு காது இருக்கு. கேக்கறத உடனுக்குடன் நெட்டு வழியா மாடிக்கு அனுப்பும். மேல இருக்கிற மோடம் சிக்னல் தளத்தத் தாண்டி ஹாலுக்கு இறங்காது. அதனால நடுவுல இந்த எக்ஸ்டெண்டர். உங்களுக்காக மாட்டினது இல்ல சுகிர்தா. அந்தக் காதுக்கு சாம்பார் ஊத்த மாட்டினது."

"எங்க நெட்டோட பாஸ்வேர்டு அந்தாளுக்குத் தெரியும் சார். நான்தான் குடுத்தேன். அதுலயே மாட்டியிருக்கலாமே?"

"அங்கதான் அவன் புத்திசாலி. உங்க நெட்டு தினமும் ஒரு நேரத்துல தூங்கும். அவனுக்கு வேலையே அந்த நேரத்துலதான்."

மோட்டார் இரைந்தது. ரோசம்மாளின் முகம் வெளுத்துப் போவதை பைசல் கண்ணாலேயே பார்த்தான். போனில் பேசவில்லை, பக்கத்து வீட்டில் பேசவில்லை, மருமகளோடுகூட அதைப் பற்றிப் பேசவில்லை அவள். ஆனால் தினமும் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஆண்டவரிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தாள். பள்ளிப்பட்டு மோட்டார் ரூமில் பாம்பு வராமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் மூணாவது வீட்டில் இருக்கிற என் பிள்ளையைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே.

"நான்தான்" என்றாள். "என் வாயாலயே என் புள்ளைய."

சுகிர்தா ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "நான் உங்கள இன்னா இன்னாவோ நெனச்சிட்டேன் அத்தை." இரண்டு பேரும் அழுதார்கள். மோட்டார் சத்தம் அந்த அழுகையை மாடிக்குப் போகவிடாமல் மூடிக்கொண்டது.

அருணாச்சலம் காத்திருந்து சொன்னார்: "இன்னிக்கி ஜெபத்த நிறுத்தினா அவனுக்கு சந்தேகம் வரும். நிறுத்தாதீங்க. ஒரே ஒரு வரி மட்டும் மாத்தணும். பீட்டர் பொன்னேரி லாட்ஜ்ல இருக்கான்னு சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன் ஆளோட அங்க காத்திருப்பார். வரதன் கூட்டம் மொத்தமா மாட்டும்."

ரோசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "முடியாது சார்."

"உங்க புள்ள உயிரு."

"என் புள்ள உசுரக் கேட்டுத்தான் முட்டி போடுறேன். அங்க போயி பொய்யச் சொன்னா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேப்பேன்? மனுசன்கிட்ட சொல்லச் சொல்லு, ஆயிரம் பொய் சொல்றேன். ஆண்டவர்கிட்ட மாட்டேன்."

வாதாடிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். பொய்க் கிளெய்ம்காரர்களை அசைத்தவரால் அந்த அம்மாளை அசைக்க முடியவில்லை. கடைசியில் அவளே சொன்னாள்: "ஜெபம் பண்றேன். எந்த ஊர் பேரும் சொல்ல மாட்டேன். மத்தத ஆண்டவர் வாயில குடுப்பாரு."

இருட்டத் தொடங்கியது. ஆதிநாராயணன் அனுப்பிய இரண்டு போலீஸ்காரர்கள் லுங்கி கட்டிக்கொண்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பேக்டரிப் பக்கம் வானம் ஆரஞ்சு நிறத்தில் கன்றிப்போய் இருந்தது. ரோசம்மாள் வழக்கம்போல மோடத்தை அணைத்தாள். நடைவழியில் நீல விளக்கு வழக்கம்போல விழித்திருந்தது. பைசல் அதன் அருகே சுவரில் சாய்ந்து நின்றான்.

ஜெபப் பாட்டு முடிந்தது. ரோசம்மாள் முழங்காலில் நின்றாள்.

"ஆண்டவரே, என் புள்ள எங்க கீறான்னு உமக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அது போதும்." நிறுத்தினாள். குரல் மாறியது. "மேல் ஊட்டுல உக்காந்து இதக் கேட்டுக்கினு இருக்கானே குப்புராஜு, அவன உம்ம பாதத்துல வெக்கிறேன்."

அருணாச்சலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம அவனுக்கு ஒரு கிண்ணம் கொழம்பு குடுக்காம நான் வாயில சோறு வச்சதில்ல. அவன் அம்மா செத்தப்ப இதே எடத்துல முட்டி போட்டு அவனுக்காக அழுதேன். அப்ப இந்த லைட்டு இல்ல, அத அவன் கேக்கல. இப்பக் கேக்கட்டும். அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான் ஆண்டவரே. அவன் மனசத் திறந்தருளும்."

நீல விளக்கு ஒருமுறை சிமிட்டியது. சிவப்பாயிற்று.

மேலே மோடத்தை அணைத்துவிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது. மாடிக் கதவு திறந்தது. படிகளில் செருப்பில்லாத காலடிகள், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

குப்புராஜ் வாசலில் வந்து நின்றான். நாற்பது வயது ஆள், அழுதிருந்தான். டீக்கடையில் இருந்த போலீஸ்காரர்கள் இருவரும் எழுந்து நின்றதைப் பார்த்தும் ஓடவில்லை.

"என் வேல, என் தங்கச்சி வேல ரெண்டும் வரதன் கையில கீதும்மா" என்றான். "காலப் புடிச்சிக் கேக்குறேன், மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன்" என்றாள் ரோசம்மாள். "இனிமே அவங்களுக்கு ஒண்ணும் சொல்லாத, அது போதும்."

குப்புராஜ் தலையை ஆட்டவில்லை. "பள்ளிப்பட்டு, கவரப்பேட்ட ரெண்டும் உன் வாயிலருந்துதான் எடுத்தேன். இன்னிக்கி நீ ஒண்ணுமே சொல்லல." அவன் பார்வை ரோசம்மாளைத் தாண்டி, அருணாச்சலத்தைத் தாண்டி, நடைவழிக்குப் போனது. "இவன் சொன்னான்."

பைசல் சுவரை விட்டு நிமிர்ந்தான்.

"சாலிஹா மாமி கை எறா தொக்கு. இவன் மாமா ஊரு பழவேற்காடுன்னு எனக்கு முன்னமே தெரியும், அங்க சாலிஹா ஊடு எதுன்னு கேட்டா கொழந்தகூட கை காட்டும். மத்தியானமே வரதனுக்குச் சொல்லிட்டேன். வெயில் சாயட்டும்னாங்க."

மேலே நாற்காலியை இழுத்த சத்தம் பைசலின் காதில் திரும்பக் கேட்டது. அருணாச்சலம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போனை எடுத்து ஆதிநாராயணனை அழைத்தபடி வாசலுக்கு ஓடினார். பைசல் மாமா வீட்டு நம்பரை அழுத்தினான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி நொடியில் மாமா மகள் உமைரா எடுத்தாள்.

"மச்சான்! நூறு ஆயுசு ஒனக்கு. இப்பத்தான் ஒன் பேச்சு அடிபட்டுச்சு."

"உமைரா, மாமா எங்க?"

"வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிக்கிறாரு, இன்னும் வரல. நீ அனுப்பின ஆளுங்க வந்து உக்காந்துகினு கீறாங்க. பீட்டர் அண்ணன ராத்திரியே திருவள்ளூர் கூட்டினு போகணுமாமே? அண்ணன் சட்டை மாத்திக்கினு கீறாரு. அம்மா டீ போடுது."

"கதவு... உமைரா, வாசக்கதவு மூடியிருக்கா, தொறந்திருக்கா?"

"நீ அனுப்பின ஆளுங்களாச்சே, கதவ மூடிட்டா உக்கார வெப்பாங்க?" அவள் சிரித்தாள். பின்னால் ஆண்கள் சிலர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. "நல்லா தமாசா பேசறாங்க மச்சான். அப்படியே ஒன்ன மாரியே."